காணாக்கடிக்குக் கம்பளி

1

இந்தக் கதை என் கழுத்தில் தொடங்கியது. போன மாதம் இறால் பொரியல் தின்றேன். சற்று நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. காலையிலிருந்து போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையோடே, ஒரு கையால் சொறிந்தபடி மறுகையால் எழுத உட்கார்ந்தேன்.

2

"1911இல், பதுளையை மூடுபனி போர்த்தியிருந்த ஒரு காலைப்பொழுதில்..."

[வேண்டாம். மலைநாட்டுக் கதை என்றதும் எல்லோரும் பனியை இறக்கிவிடுகிறார்கள்.]

இலங்கைப் பதுளையின் கடைவீதியில் வைரவநாதன், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பளி விற்றுவந்தான். மழையில் கொழுந்து பறிப்பவர்கள் தலையில் போட்டுக்கொள்ளும் முரட்டுக் கறுப்புக் கம்பளி. கடைக்குப் பின்னால் ஒரே அறை. கம்பளிக் கட்டுகளுக்கு நடுவேதான் குடித்தனம். புது மனைவி பரிமளத்துக்கு வந்த வாரமே மேலெல்லாம் தடித்து அரிக்கும் காணாக்கடி.

[கடித்தது எதுவென்று தெரியாததால் அந்தப் பெயர். "ஒவ்வாமை" என்ற சொல்லை நான் கதைக்குள் விடுவதாக இல்லை. அங்கே யாருக்கும் அது தெரியாது.]

3

கருவாட்டை நிறுத்தினார்கள். கத்தரிக்காயை நிறுத்தினார்கள். பச்சைத் தண்ணீரில் குளிப்பதையும்...

மாமியார் வடிவம்மாவை முதலில் கொடுமைக்காரியாக எழுதி அடித்துவிட்டேன். மருமகள் என்றால் அவளுக்கு உயிர். தடிப்பைக் கண்டதும், ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தாள்: கடையிலிருந்து புதுக் கம்பளி ஒன்றை உருவிவந்து பரபரவென்று தேய்த்தாள். தடிப்பு கூடியது. அதனால் இன்னும் தேய்த்தாள்.

[உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இந்த வரியில்தான் புரிந்தது. விருந்தாளியைத் திருடன் என்று நினைத்துக் குரைக்கும் நாய் மாதிரி, அவள் உடம்பு கம்பளியைக் கண்டு கலவரம் செய்கிறது. நான் சால்வையை மெல்லக் கழற்றி வைத்தேன். இறால் நிரபராதி.]

4

"ஒட்டுற நோயின்னு பேராயிட்டா கடைக்கு ஆள் வராதும்மா," என்றான் வைரவநாதன். "நாளைக்கு வண்டி சொல்லியிருக்கேன். பண்டாரவளையில ரயிலேத்தி அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

"திரும்பக் கூட்டியாருவியா?"

அவன் கம்பளிக் கட்டுகளை எண்ணத் தொடங்கினான்.

"வண்டி வரட்டும். அதுக்குள்ள நான் சரியாக்கிடுறேன்."

5

முடிவு ஒன்று: பரிமளமே கண்டுபிடித்துச் சொல்கிறாள். [கண்டுபிடித்தாலும் சொல்லமாட்டாள். அந்த வீட்டுக்குச் சோறு போடுவதே கம்பளி.]

முடிவு இரண்டு: பசறையிலிருந்து வைத்தியர் வருகிறார். [பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. நான்தான் சரித்தேன், வைத்தியர் வந்து தீர்த்துவைக்கும் கதைகள் எனக்குப் பிடிக்காது. இப்போது வருத்தமாக இருக்கிறது.]

வாசலில் வண்டி வந்து நிற்கிறது. வடிவம்மா புதுக் கம்பளியோடு உட்காருகிறாள்.

"திரும்பி உக்காரு தாயி. எரியும், பொறுத்துக்க. உன்னைய அனுப்ப விடமாட்டேன்."

பரிமளம் முதுகைக் காட்டுகிறாள்.

கதைக்குள் புகுந்து கத்துவது எழுதுகிறவனுக்கு அழகில்லை. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, வடிவம்மாவுக்குக் காது மந்தம்.