பத்து எண்ணும் வரை

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு மேனகா தன் கண்ணாடி அறையின் கதவைச் சாத்திக்கொள்வாள். லேப்டாப்பில் இனியாவின் முகம் வரும். மேலாளர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பது இனியாவின் வேலை. கோவையில் இருந்தாள், மேனகாவின் வயதுதான் இருக்கும். மேனகா வேலை பார்க்கும் பிஸ்கட் கம்பெனியின் சென்னை அலுவலகம் அவளுக்காக இனியாவிடம் ஆறு செவ்வாய்க்கிழமைகளை வாங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் இனியா ஒரே கேள்வியில்தான் தொடங்குவாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

முதல் வாரம் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் மேனகா உற்பத்திக் கணக்கைச் சொன்னாள்.

எட்டு மாதம் முன்பு வரை மேனகா, இப்போது மேலாளராக இருக்கும் அதே தொழிற்சாலையில் பாக்கெட்டுகளின் தரம் பார்க்கிறவளாக இருந்தாள். மதியம் டிபன் மூடிகளை நடுவில் வைத்து, எல்லோர் குழம்பையும் எல்லோரும் சாப்பிடுவார்கள். மேலாளரான மறுநாள் அவள் டப்பாவோடு போய் நின்றபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். மரியாதைக்குத்தான் எழுந்தார்கள். அதன் பிறகு அவள் போகவில்லை. கண்ணாடி அறையில் சாப்பிட்டாள். சாயங்காலம் முதலியார்பேட்டை மாடி வீட்டில், கீழே போகும் வண்டிச் சத்தத்தைக் கேட்டபடி மறுபடியும் தனியாகச் சாப்பிட்டாள். அந்த ஊரே தூரத்தில் நகர்ந்துபோகும் ஒரு கப்பல் போலவும், தான் கரையில் நிற்பது போலவும் சில நாள் தோன்றும்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை அவள் காசிலிங்கத்தைப் பற்றிப் பேசினாள். மூன்று முறை கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. பாக்கெட்டின் ஓரம் ஒட்டாமல் விட்டு, பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் யார் பொறுப்பு என்று சென்னையிலிருந்து பெயர் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினால் அந்த ஆளுக்கு வேலை போகும். சீல் வைக்கும் மெஷின் காசிலிங்கத்துடையது. மில் மூடியபோது வேலை இழந்து, ஐம்பது வயதில் இங்கே வந்தவர். அவர் பெயரைப் போட்ட மெயில், அனுப்பாமல் அவளிடம் இருந்தது.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் இனியா.

"மூணு தடவ கேட்டேன்."

"எப்படி கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

"ஏன்ணே சீல் விடுது, ஹீட்டர கொறச்சு வெச்சீங்களா, நேரத்துக்குப் பாக்கலியா, இனிமே பாத்துக்கங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சரி மேடம்னாரு."

திரையில் இனியா அசையாமல் இருந்தாள். நெட் போய்விட்டதோ என்று நினைத்து, கேட்கிறதா என்று மேனகா கேட்டாள்.

"கேக்குது. அவரு பதில் சொல்ல நீங்க எங்க எடம் விட்டீங்க?"

மேனகாவுக்கு அம்மா கமலவேணியின் நினைவு வந்தது. சின்ன வயதில் விடுமுறை நாட்களில், மீன் விற்கும் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் மேனகா உட்கார்ந்திருப்பாள். வந்தவரிடம் என்ன மீன் வேண்டும் என்று கேட்டு, வஞ்சிரமா, நல்லா இருக்கு, எடுத்துக்க என்று அம்மாவே முடித்துவிடுவாள். நடுவில் வாயை மூடினால் வந்தவர் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார். மௌனம் என்றால் வியாபாரம் போச்சு என்று மேனகா அங்கேதான் கற்றுக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் இனியாவிடம் சொன்னாள். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்கும்படியும், பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்படியும் இனியா சொன்னாள். கடைசியாக, இனிமேல் யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டுவிட்டு அவளும் காத்திருந்தாள். நேரம் முடிந்து திரை இருண்டபோது அதில் மேனகாவுக்குத் தன் முகம் தெரிந்தது.

மறுநாள் காலை அவள் மெஷின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சீல் ஏன்ணே விடுது?"

காசிலிங்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெல்ட்டில் போகும் பாக்கெட்டுகளை அவள் எண்ணினாள். ஐந்தில் ஹீட்டர் என்ற சொல் நாக்கு வரை வந்தது. விழுங்கினாள். பத்து போனது. பதினேழாவது பாக்கெட் போகும்போது அவர் வாய் திறந்தார்.

"ஃபேன் காத்து, மேடம். போன மாசம் நீங்க மாட்டச் சொன்னீங்களே, அது. நேரா சீல் மேல அடிக்குது. இரும்புல சூடு நிக்கல."

"ஏன் சொல்லல?"

இந்த முறை அவள் எண்ண மறந்துபோனாள்.

"பேக்கிங் பொண்ணுங்க வெந்து போவுதுங்கன்னு நீங்க வெச்சது. சொன்னா கழட்டிடுவீங்க. அப்புறம் அதுங்க என்ன பண்ணும்?" துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "மில்லுலயும் எங்கள யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. சொல்லிப் பழக்கமில்ல எனக்கு."

அன்று மதியம் ஃபேனை எங்கே வைக்கலாம் என்று பேக்கிங் பெண்களிடம் கேட்டாள். எட்டு எண்ணும்போது அவர்களில் ஒருத்தியான வினோதா, ஜன்னல் பக்கச் சுவரில் உயரமாக மாட்டினால் காற்று தங்களுக்கு மட்டும் வரும் என்றாள். மாட்டினார்கள். அடுத்த இரண்டு நாளும் ஒரு பாக்கெட்கூட ஓரம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் மெயிலில் இருந்த பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். ஃபேன் விஷயத்தையும், அதைக் கண்டுபிடித்தவர் காசிலிங்கம் என்பதையும் எழுதினாள். அவளுக்கு எச்சரிக்கை என்றும், இனி அனுமதி இல்லாமல் எதையும் மாட்டக் கூடாது என்றும் பதில் வந்தது. காசிலிங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படியென்றால் அவர் வேலை தப்பியது. அந்தப் பதிலை யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. போனில் இனியாவின் எண்ணை எடுத்துப் பார்த்தாள்; ஆறு செவ்வாய்க்கிழமைகளும் முடிந்திருந்தன, வைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் பழக்கத்தில் கதவைச் சாத்தினாள். லேப்டாப்பின் இருண்ட திரையில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. இன்னைக்கு எப்படி இருக்கீங்க என்று தன்னையே மெல்லக் கேட்டுவிட்டு எண்ணினாள். பத்து வரை யாரும் பேசவில்லை.

எழுந்து வெளியே போனாள். டீ கேனைச் சுற்றி நின்றவர்களின் பேச்சு நின்றது. செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு யாரும் டீ எடுத்து வைப்பதில்லை. கதவு சாத்தியிருக்கும்.

"எனக்கு டீ இருக்கா?" என்றாள்.

ஒன்று. இரண்டு. காசிலிங்கம் வினோதாவைப் பார்த்தார். மூன்று. நான்கு.

"இருக்கு மேடம். ஆனா ஆறிப்போச்சு" என்று வினோதா ஒரு டம்ளரை நீட்டினாள்.

மேனகா அந்த டம்ளரை வாங்கி, அவர்கள் நடுவில் நின்றே குடித்தாள்.