காலி பாட்டிலில் சீரகத் தண்ணீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் அக்கா தெய்வநாயகிக்கு ஜெர்மனியில் நடந்தது. மகள் வித்யாவின் வீட்டுக்குச் சித்திரையில் போனவள் ஆடியில் குமாரபாளையம் திரும்பினாள். வந்த நாளிலிருந்து வித்யா போனில் ஒரே பாட்டுத்தான் பாடுகிறாள்: “ஊட்டப் பூட்டிட்டு வந்துரும்மா. இனி இங்கயே இருந்துக்கலாம்.” அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.

அவள் போகக் கூடாது என்பதற்காகத்தான் நான் இதை எழுத ஆரம்பித்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. துண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எப்போதாவது கதை எழுதுவேன். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. அக்காவும் தனியாள், அடுத்த தெருவில் இருக்கிறாள். காலையில் அவள் வீட்டில் காபி, சாயங்காலம் என் வீட்டில் டீ. மற்ற நேரமெல்லாம் பக்கத்து விசைத்தறிச் சத்தம்தான் துணை. அவள் ஊரில் இல்லாத மாதங்களில் ஒருநாள் பால்காரரிடம் பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. அன்று அதுவரை யாரிடமும் பேசியிருக்கவில்லை. முந்தின நாளும்தான்.

(கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பரிதாபம் தேடுகிற மாதிரி இருக்கிறது. தேடுகிறேன்தான், இருக்கட்டும்.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“வெண்பனி போர்த்திய அந்த ஐரோப்பிய நகரத்தின் காலையில், தமிழ்த்தாய் ஒருத்தி…”

நான் பார்த்த பனியெல்லாம் ஏற்காட்டு மூடுபனிதான். அதோடு அக்கா போனபோது அங்கே வெயில் காலமாம். ‘தமிழ்த்தாய்’ என்று எழுதினது தெரிந்தால் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். விட்டுவிட்டேன்.

“ஜெர்மனியில் பாட்டிலுக்கு இருக்கிற மதிப்பு அதற்குள் இருக்கிற தண்ணீருக்கு…”

இது கட்டுரை. ஆனாலும் விஷயம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கே தண்ணீரோ ஜூஸோ வாங்கினால் பாட்டிலுக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். மலிவான தண்ணீர் என்றால் முன்பணம் தண்ணீரின் விலையைவிட அதிகம். காலி பாட்டிலைக் கடைக்குள் இருக்கும் மெஷினின் வாயில் போட்டால் ஒரு சீட்டு வரும், அதைக் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். திருவிழாக் கடைகளில் குடிக்கிற கண்ணாடி டம்ளருக்குக்கூட இதே கதிதான்.*

(* நமக்கு இது புதிதில்லை. கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுத்தால் முன்பணம் கட்டுகிறோம். டாஸ்மாக்கில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தருகிறார்கள். இதை ஜெர்மனிக்காரன் நம்மிடமிருந்துதான் எடுத்துப் போனான் என்று சத்தியம் செய்யவும் குமாரபாளையத்தில் ஆள் இருக்கிறது.)

மூன்றாவது தொடக்கம் அக்கா சொன்னபடியே. வித்யா முதல் தடவை அவளைக் கடைக்குக் கூட்டிப் போகிறாள். பை நிறையக் காலி பாட்டில்கள். அக்கா ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு, வரிசையில் நின்றபடியே ஒவ்வொன்றாக முறுக்கி நசுக்கிவிட்டாள். ரயிலில் குடித்த பாட்டிலை நசுக்காமல் போட்டால் எவனாவது குழாய்த் தண்ணீரைப் பிடித்து மறுபடி விற்றுவிடுவான் என்று பழகிய கை அல்லவா?

“மிசினு ஒவ்வொண்ணா வெளிய துப்புது சாமி. பின்னால நிக்கறவங்க அத்தன பேரும் என்னையவே பாக்கறாங்க. வித்யா வாயில வச்சு ஊதி ஊதிப் பாக்கறா, பாட்டலு நிமிருமான்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல நகைச்சுவைக் கதையாகப் போயிருக்கும்.

3

இனி கிழவர் வரவேண்டும். அவருக்கு முதலில் ஹான்ஸ் என்று பெயர் வைத்தேன். ஜெர்மானியர் என்றாலே ஹான்ஸ்தானா, தமிழன் என்றாலே முருகனா என்று எனக்கே எரிச்சல் வந்து அடித்துவிட்டேன். அக்கா அவரைப் ‘பாட்டல்காரர்’ என்பாள்.

வித்யாவும் மருமகனும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தி இனியா பாதி நாள் பள்ளியில். அக்கா இரண்டாம் மாடி ஜன்னலருகே நின்று கீழே பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது பேசினால் புரியாது, பேசவும் ஆளில்லை. (இந்த இடத்தில் அவள் தனிமையைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் அது என்னைப் பற்றி இருந்தது.)

முற்பகலில் ஒரு வயசாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் கைவிட்டுக் காலி பாட்டில்களைப் பொறுக்குவார். மெஷினில் போட்டுக் காசாக்கிக்கொள்ளத்தான். “பாட்டலத் தொட்டிக்குள்ள போடாதம்மா, பக்கத்துல வெச்சிரு. எடுக்கறவங்க குப்பையில கைய விட வேண்டியதில்ல” என்று வித்யாவே சொல்லிக்கொடுத்தாள். அங்கே பலரும் அப்படித்தான் வைப்பார்களாம். அக்காவும் வீட்டுப் பாட்டில்களைக் கொண்டுபோய்த் தொட்டியோரம் வைத்தாள். அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

“அந்த ஊர்ல என்னைய ஒரு ஆளுன்னு பாத்தது அவருதான்” என்றாள் அக்கா.

மறுநாள்தான் அவளுக்கு உறைத்தது. வெறும் ஏனத்தை ஒருத்தர் கையில் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட நாம் வெறுமையாகத் திருப்ப மாட்டோம். இரண்டு வாழைப்பழமோ ஒரு கை சர்க்கரையோ போட்டுத்தான் அனுப்புவோம். பாட்டிலின் வாய்க்குள் வாழைப்பழம் நுழையாது. அக்கா சீரகத் தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, எல்லாப் பாட்டிலிலும் கழுத்துவரை ஊற்றி மூடி வைத்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவரும் தினமும் எடுத்துக்கொண்டு, தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்ததும் வித்யா தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா, தண்ணியிருந்தா மிசினு எடுக்காது. பாவம், அத்தனையும் ஊத்திட்டுத்தான் கொண்டுபோகோணும். முன்னப்பின்ன தெரியாதவங்க குடுத்தத யாரு குடிப்பா?”

ஊருக்குக் கிளம்பும் முன் ஒருநாள் அக்கா திரைக்குப் பின்னால் நின்று கவனித்தாள். அவர் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். முகர்ந்தார். அதற்குள் உள்ளே இனியா கூப்பிட்டாள். அக்கா போய்விட்டு வருவதற்குள் ஆள் இல்லை.

“நீ கத எழுதறவன்தானே? அவரு குடிச்சாரா, ஊத்துனாரான்னு எழுதிக் குடு” என்றாள் என்னிடம். பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நம்மள மனுசியா நெனைக்க ஒருத்தர் இருந்தா அங்க போயி இருந்துக்கலாம். இல்லீன்னா கஷ்டம் சாமி” என்றாள்.

என் கையில் பேனா எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா?

4

முடிவு அ. “கிழவர் கண்களை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். யாரோ ஒரு தாயின் கை…”

எந்தப் பத்திரிகையும் போடும். வாசகர் கடிதம்கூட வரும். அக்கா அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ. “கிழவர் முகத்தைச் சுளித்தார். மூடியைத் திருகி, பாட்டில்களைப் பையில் போட்டு, கனத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைத் தாண்டித் தெரு முனையில் திரும்பினார். அங்கே ஒரு புதரோரம் நின்று, ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் மண்ணில் இறங்கியது.”

இதுதான் எனக்கு வேண்டிய முடிவு. வித்யா சொன்னதற்கும் பொருந்துகிறது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

(நேராகவே ‘போகாதே அக்கா’ என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான் வித்யாவுக்குத் தாய்மாமன். எங்களில் தாய்மாமன் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அவளும் போன வாரம், “மாமா, நீங்கதான் அம்மாகிட்டச் சொல்லி அனுப்பிவெக்கோணும். நீங்க சொன்னாத்தான் கேக்கும்” என்றாள். சொன்னால் நடந்துவிடும். அதனால்தான் வாய் வரவில்லை. கதைக்குள் ஒளிந்துகொண்டு சொல்லப் பார்த்தேன்.)

5

சாயங்காலம் அக்காவை டீயோடு உட்காரவைத்து முடிவு ‘ஆ’வை வாசித்தேன். குரல் நடுங்கியது. நடிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“முக்குத் திரும்பிப் போயா ஊத்துனாரு?” என்றாள்.

“ஆமாக்கா.”

“ஜன்னலுக்குத் தெரியாம?”

“ஆமா.”

“அத்தன கனத்தையும் தள்ளிக்கிட்டுப் போயி?”

நான் காகிதத்தை மடித்தேன்.

“பாத்தியா! அந்தத் தொட்டிக்கிட்டவே ஊத்தியிருக்கலாமில்ல? வேண்டாம்னு ஒருநாள் கைய ஆட்டியிருக்கலாம். நான் பாத்தா மனசு நோகும்னு தெனமும் சொமந்துக்கிட்டுப் போயிருக்கறாரு. குடிச்சிருந்தாக்கூட இவ்வளவு இல்ல சாமி. தாகத்துக்கு யாரும் குடிப்பாங்க.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கற” என்றாள். நான் எழுதியதை அவள் இதற்கு முன் ஒருநாளும் பாராட்டியதில்லை.

புதரோரம் என்று எழுதியது யார்? நான்தான். யாரும் சொல்லவில்லை. நடுத்தெருவில், அவள் கண்ணெதிரே ஊற்றுவதாக எழுதியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அந்த மனிதரைத் தெரு முனைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அக்காவின் முகம் வாடுவதை நான் பார்க்கத் தயாராக இல்லை போலிருக்கிறது.

அவள் போய்விடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அலங்காரம் இல்லாமல்தான் சொல்ல வருகிறது.

6

இங்கே மூன்றாவது முடிவு ஒன்று வரவேண்டும். “தம்பி எழுந்து நின்று, அக்கா, நீ சந்தோஷமாகப்…” என்று ஒன்று. “தம்பி அழுதுகொண்டே, என்னை விட்டுவிட்டு…” என்று ஒன்று. இரண்டிலும் பாதி வாக்கியத்துக்கு மேல் பேனா நகரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வித்யா என்னைக் கூப்பிடும் நேரம். ‘என்னங்க மாமா, அம்மாகிட்டச் சொன்னீங்களா?’ என்று கேட்பாள். அக்கா எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காகத்தான் இந்நேரத்துக்கு வந்திருக்கிறாள், பூண்டு ஒரு சாக்கு.

போன் அடிக்கிறது. அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். நீங்கள் எடுத்துப் பேசுங்கள். மாமா என்றுதான் கூப்பிடுவாள்.