சபாபதியின் நாற்காலி

"அண்ணே, அந்த ரெண்டு நாற்காலிய மட்டும் எடுக்காதீங்க."

கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த ஜெயபாலன் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர். நேற்றிலிருந்து கூடாரம் போடுவதும் தண்ணீர் பெட்டி இறக்குவதுமாக ஓடிக்கொண்டிருப்பவர்.

"வெளிய ஆளுங்க நிக்கிறாங்கம்மா."

"தெரியும்ணே. அது மட்டும் வேணாம்."

துக்க வீட்டில் ஏன் எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை அவர். திருப்பிக் கொண்டுவந்து மேசையருகே நேராக வைத்துவிட்டுப் போனார். வினிஃப்ரெட் ஒரு நாற்காலியைச் சற்றே சாய்வாகத் திருப்பினாள். என்ன செய்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

முன் அறையில் அவள் மாமனார் ரோலண்ட் பெட்டிக்குள் படுத்திருந்தார். மலேசியச் சிற்றூரான சிம்பாங் ரெங்கத்தில் ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய மனிதர். இப்போது வெள்ளைச் சட்டையும் கையில் ஜெபமாலையுமாக, யாரோ பெரிய உத்தியோகக்காரர் மாதிரி இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பின்பக்கம் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ரப்பர் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தவள் வினிஃப்ரெட்தான். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றையே சொன்னார்கள்.

"யாருக்கும் தொந்தரவு குடுக்கல. ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாரு. குடுத்து வச்ச மனுஷன்."

அவள் தலையாட்டினாள். சொல்லாமல் போகவில்லை அவர். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாற்பத்திரண்டு வயதில் கவுன்சலிங் படிப்பு எதற்கு என்று அவளைக் கேட்காதவர் இல்லை. பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. பிள்ளைகளை விட வரும் தாய்மார்கள் வாசலில் நின்று அவளிடம் அழுதுவிட்டுப் போவார்கள். இதையே முறையாகப் படித்தால் என்ன என்று தோன்றியது. சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து ஜொகூர் பாருவுக்குப் போய் வந்தாள். எதிரில் இருப்பவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும், அவசரப்பட்டு அறிவுரை சொல்லக்கூடாது, மௌனத்துக்குப் பயப்படக்கூடாது என்று கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். வீட்டு ஆட்களை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள் என்றும் விரிவுரையாளர் பிரேமலா தலையில் அடிக்காத குறையாகச் சொன்னார். ஆனால் பயிற்சிக்கு உட்கார வேறு யார் இருக்கிறார்கள்? கணவன் லெஸ்லி சிங்கப்பூர் கிடங்கு வேலையில், சனிக்கிழமை இரவு வந்தால் ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுகிறவன். மகள் சமந்தாவோ, "போம்மா, போரடிக்குது லா" என்று ஓடிவிடுவாள்.

"நான் உக்கார்றேன்மா," என்றார் ரோலண்ட். "என்ன சொல்லணும், அழணுமா?"

"உங்க கதையச் சொல்லக்கூடாது மாமா. வேற ஒரு ஆளா நடிக்கணும். பேரும் வேற."

"அப்ப என் பேரு சபாபதி."

"ஏன் சபாபதி?"

"நம்ம வேதத்து ஆளா இருந்தா நேரா ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருவான். உங்கிட்ட எதுக்கு வரப் போறான்?"

அவர் நடிப்பில் தேர்ந்தவர். இளவயதில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் வருஷம் தவறாமல் பிலாத்து வேஷம் அவருக்குத்தான். புதன்கிழமை மத்தியானம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் கோப்பி கலக்கி வைத்து, நாற்காலிகளை அவரே போட்டுவிடுவார். கண்ணுக்குக் கண் பார்க்காமல் இருவரும் சாய்வாக உட்கார வேண்டும் என்று அவள் சொன்னதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. "லாரியில பக்கத்து சீட்டு மாதிரி. ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தா எவனும் எல்லாத்தையும் கொட்டிருவான்," என்பார். "இங்க பேசறது இங்கயே இருக்கும்," என்று அவள் பாடத்தில் உள்ளபடி தொடங்கினால், பவ்யமாகத் தலையாட்டுவார்.

சபாபதிக்குத்தான் எத்தனை கஷ்டங்கள். கோழி திருட்டுப் போனது. பெண்சாதி டுரியான் பழ வியாபாரியோடு மெர்சிங்கிற்கு ஓடிப்போனாள். வினிஃப்ரெட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு ரொம்ப ஏமாற்றமா இருக்கு போல" என்பாள்.

போன வாரம் புதன்கிழமை சபாபதி கோழியைப் பற்றிப் பேசவில்லை.

"நெஞ்சுல ஒரு இழுப்பு. இந்தத் தோள் வரைக்கும் வருது. ரெண்டு வாளி தண்ணி தூக்குனா உக்காந்துர்றேன்," என்றார். "மகன்கிட்ட சொல்லல. அவன் வெளியூர்ல மாடா உழைக்கிறான். சொன்னா வேலைய விட்டுட்டு வந்து நிப்பான்."

"மகனுக்குப் பாரமா ஆயிருவோமோன்னு உங்களுக்குப் பயமா இருக்கு."

"ஆமா."

அவள் காத்திருந்தாள். மௌனத்துக்குப் பயப்படவில்லை. அவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது வெளிய போகாதுல்ல?" என்றார்.

"போகாது."

கோப்பைகளை எடுக்கும்போது அவள் மனம் நிறைந்து சொன்னாள், "மாமா, இன்னிக்கு அசத்திட்டீங்க. நிஜம் மாதிரியே இருந்துச்சு." அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய் நாற்காலிகளை மேசைக்குள் தள்ளி வைத்தார்.

உயிருக்கு ஆபத்து என்றால் இரகசியத்தை உடைத்தே ஆக வேண்டும். அதுவும் பாடத்தில் இருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். அதற்குப் பிறகு ஆறு நாள், தினமும் அவர் வாளி தூக்குவதை இந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவினாள்.

மாதா கோவிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போனார்கள். லெஸ்லி பெட்டியின் முன்பக்கம் பிடித்துக்கொண்டான். அழவில்லை. இரண்டு நாளாக எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஜெயபாலனிடம், கோப்பிக் கடைக்காரரிடம், ஃபாதரிடம்கூட. "அப்பா ஏதாச்சும் சொன்னாரா? உடம்பு சரியில்லன்னு?" எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. அவளிடம் சொல்லியிருந்தால் தனக்குத் தெரியாமல் போகுமா என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது. மண் போடும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனக்கு அழ என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டாள்.

மத்தியானம் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சமந்தா அசந்து தூங்கிவிட்டாள். லெஸ்லி சமையலறைக்கு வந்தான்.

"இது ஏன் இப்படிக் கோணலா கெடக்கு?" நாற்காலியை நேராக்கப் போனான்.

சொல்லாமலே இருந்துவிடலாம். அவர் கேட்டதும் அதுதானே, வெளியே போகாதில்லையா என்று. ஊரும் குடுத்து வச்ச மனுஷன் என்று சொல்லி முடித்துவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அப்பா எங்கிட்ட சொன்னாருங்க," என்றாள்.

அவன் திரும்பினான்.

பயிற்சியை, சபாபதியை, போன புதனை, எல்லாவற்றையும் சொன்னாள். எந்த இடத்திலும் தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"நல்லா நடிக்கிறீங்கன்னு சொன்னேன்."

உங்களுக்குக் கோபமாக இருக்கிறது என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

லெஸ்லி பின்கதவைத் திறந்துகொண்டு போனான். போய்விட்டான், இனி தன் முகத்தில் விழிக்க மாட்டான் என்று நினைத்தாள். வெளியே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு நாளாகத் தண்ணீர் காணாத செடிகள். வெகுநேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள் மாமனாரின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கழுவவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றாள்.

ஈரக் காலோடு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. அவளைப் பார்க்கவில்லை. சாய்வாகக் கிடந்த நாற்காலியை நேராக்காமல் அதில் அப்படியே உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டான்.

"அந்த சபாபதி," என்றான். செருமிக்கொண்டான். "வேற என்னெல்லாம் சொன்னாரு?"

வினிஃப்ரெட் மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. முதல் புதன்கிழமையிலிருந்தே தொடங்கினாள்.

"அவரு வளத்த கோழியெல்லாம் திருட்டுப் போயிருச்சாம்."

லெஸ்லி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தன கோழி?" என்று கேட்டான்.