எஃப் எட்டும் ஆகாய விமானமும்

எஃப் எட்டை அழுத்தினால் தமிழ் வர வேண்டும். பூரணி அழுத்தினாள். ஆகாய விமானம் வந்தது.

திரையின் மூலையில், கட்டைவிரல் நகமளவு வெள்ளை விமானம். அது தலைகாட்டிவிட்டால் லேப்டாப் வெளியுலகத்தோடு சகவாசத்தை அறுத்துக்கொண்டது என்று அர்த்தம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவள் குடியிருந்த காம்பராவில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான ஜன்னல் கட்டையில் ஃபோனை வைத்து, அதிலிருந்துதான் இன்டர்நெட் எடுத்துக்கொண்டிருந்தாள். அது நின்றது. கொழும்புக் கம்பெனியின் தேர்வுப் பக்கம் பாதி வாக்கியத்தில் வெளுத்து மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கம்பெனியில் தேர்வு நடத்துகிற ஷப்னா ஃபோன் எடுத்தாள்.

"என்ன பூரணி, நடுவுல காணாமப் போயிட்டீங்க?"

"எஃப் எட்ட அழுத்துனேன் மிஸ். ப்ளேன் வந்துருச்சி."

"சரி, நாளைக்குப் பின்னேரம் இன்னொரு தடவ திறந்து விடுறேன். அதுக்கு மேல என்னால ஏலாது."

மெஷின்களோடு வரும் விளக்கப் புத்தகங்களைத் தமிழில் அடித்துக் கொடுக்கிற வேலை அது. ஒரே வரியில் தமிழும் இங்கிலீஷும் மாறி மாறி வரும். பூரணியின் தமிழ் மென்பொருளில் மொழி மாற்றுகிற விசை எஃப் எட்டு. வேறு விசைக்கு மாற்ற அதில் வழியில்லை. மவுசால் மாற்றலாம்தான். ஆனால் நேரம் வைத்து நடத்துகிற தேர்வில் ஒவ்வொரு சொல்லுக்கும் மவுசைத் தேடினால் விடிந்துவிடும். வேலை கிடைத்தால் நோட்டன் பிரிட்ஜில் வீட்டிலிருந்தபடியே செய்யலாம். கிடைக்காவிட்டால் பழையபடி கொழும்பில் துணிக்கடை, போர்டிங் காம்பரா. இப்போது காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டு அந்திக்குத் தூக்கிவருகிற கைக்குழந்தை கேஷிகாவை மாசத்துக்கு ஒருமுறை பார்த்தால் பெரிசு.

லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினாள். அழுத்தினால் விமானம். மறுபடி அழுத்தினால் விமானம் இறங்கிவிடும். ஆனால் லேப்டாப் ஃபோனைத் தேடிப் பிடித்துச் சேர்வதற்குள் தேர்வு முடிந்துவிடும். அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது வேறொன்று. முந்தாநாள் இதே விசை ஒழுங்காக வேலை செய்தது. அதற்கு முந்தின நாள் செய்யவில்லை. கெட்டுப்போன சாமான் கெட்டுப்போனதாக இருக்க வேண்டாமா? நாளுக்கொரு புத்தியா?

ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்த மதுசூதனன் எட்டிப் பார்த்தான். "கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குப் போகாமலே வீட்டுக்குள்ள ப்ளேன் விடுறா எம் பொண்டாட்டி."

"வாய மூடுங்க. வர்ற ஆத்திரத்துக்கு ஒங்களையும் ஏத்தி அனுப்பிருவேன்."

"ஜன்னல் சீட்டா குடு புள்ள."

செய்தி லயம் முழுக்கப் பரவியது. வைரஸ் என்றார்கள். அடுத்த காம்பரா அழகம்மா, தண்ணீரில் விழுந்த ஃபோனுக்குச் செய்த வைத்தியத்தை நினைத்து, ராத்திரிக்கு அரிசிப் பானைக்குள் வைக்கச் சொன்னாள். "பானைக்குள்ள போகாது அழகம்மாக்கா" என்று பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

மறுநாள் காலை ஹட்டன் பஸ் பிடித்தாள். பஜாரில் இர்ஷாத் நானாவின் கொம்பியூட்டர் கடை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் லேப்டாப்பைத் திறந்து போட்டார். அது முழித்து எழும்பியதும் மேசைத் துணியால் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே நன்றாக ஒரு இழுப்பு துடைத்தார். பிறகு எஃப் எட்டை அழுத்தினார்.

'அ' வந்தது. மறுபடி அழுத்தினார், இங்கிலீஷ் வந்தது. இன்னொருமுறை, தமிழ்.

"ஒண்டுமில்லையே தங்கச்சி."

"நானா, நேத்து முழுக்க ப்ளேன் வந்திச்சி. சத்தியமா!"

"டொக்டர்ட்டப் போனா காய்ச்சல் விட்டுரும்ல, அந்த மாதிரிதான்" என்று சிரித்தார். பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்விட்டு ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் போட்டாள். தேர்வுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் பழைய பெனியன் துணியை எடுத்துத் துடைத்தாள். எஃப் எட்டை அழுத்தினாள்.

விமானம்.

"ஐயோ, நாசமாப் போன மெசினே!"

"கடையில நல்லாத்தானே இருந்திச்சின்னே?" மதுசூதனன் சோற்றுக் கோப்பையோடு வாசலில் நின்றான். "அங்க என்னா செஞ்சாரு?"

"என்னா செஞ்சாரு? ஒண்ணுமே செய்யல. தொடச்சாரு, அழுத்துனாரு, சிரிச்சாரு."

சொல்லி முடித்ததும் அவள் கை துணியோடு அப்படியே நின்றது. அவர் துடைத்தார், சரியானது. நான் துடைத்தேன், கெட்டது. பூரணி மறுபடி துடைத்தாள். எஃப் எட்டு: தமிழ். இன்னொருமுறை துடைத்தாள். விமானம்.

கொழும்பில் யாரும் எழுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு வேலைக்கு உட்காருவதில்லை. இங்கே, பனி காம்பராவுக்குள் புகுந்து கண்ணாடி, டீவி, செருப்பு என்று எல்லாவற்றிலும் ஈரத்தைப் பூசிவிட்டுப் போகும். எதைத் தொடுவதானாலும் முதலில் ஒரு துடைப்பு. ஆட்டோ கண்ணாடியோ லேப்டாப்போ, கை தன்பாட்டில் போய்விடும். லேப்டாப் முழித்திருக்கும்போது துடைத்தால் அது துடைப்பு இல்லை, ஏகப்பட்ட விசைகளை ஒரே நேரத்தில் அழுத்துவது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

எந்த விசை என்று கண்டுபிடிக்க வேண்டும். வலது பாதியை மட்டும் துடைத்தாள், மாற்றமில்லை. நடுவில் துடைத்தாள், இல்லை. இடது ஓரத்தை, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை துணியைப் பரப்பி ஒரே அமுக்காக அமுக்கினாள், மாறியது. ஓரத்து விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் ஒரு விசை அல்ல, ஜோடி. மேல் மூலையில் எஸ்கேப். அதன்மேல், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி, குட்டிப் பூட்டு ஒன்றின் படம். பூட்டுக்குள் எஃப்என் என்று எழுத்து. கீழ் மூலையில் அதே எழுத்தோடு ஒரு விசை. இரண்டையும் ஒன்றாக அமுக்கிவிட்டு எஃப் எட்டை அழுத்தினாள், விமானம்; மறுபடி அமுக்கிவிட்டு அழுத்தினாள், தமிழ்.

இவ்வளவு நாளும் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தாள்!

சங்கதி இதுதான். மேல் வரிசை விசை ஒவ்வொன்றுக்கும் இரண்டு உத்தியோகம். எஃப் எட்டு, மென்பொருள் கேட்கிற எஃப் எட்டாகவும் இருக்கும், விமான விசையாகவும் இருக்கும். கீழே உள்ள எஃப்என்னைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ஒன்று, பிடிக்காமல் அழுத்தினால் மற்றது. எது எதற்கு என்று தீர்மானிப்பது அந்தப் பூட்டு. எஃப்என்னும் எஸ்கேப்பும் ஒன்றாக அமுங்கும்போதெல்லாம் பூட்டு திரும்பிக்கொள்ளும். அணைத்துப் போட்டாலும் திரும்பின இடத்திலேயே நிற்கும். விசை கெடவில்லை, மென்பொருள் கெடவில்லை. ஒவ்வொரு துடைப்பிலும் அவளே பூட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம் மேல ஏறி விழுந்ததெல்லாம்?" என்றான் மதுசூதனன்.

"அது வேற கணக்கு. சத்தம் போடாம சாப்பிடுங்க, தேர்வு தொறக்கப் போவுது."

விமானத்தை இறக்கி, லேப்டாப்பை ஃபோனோடு மறுபடி சேர்த்துவிட்டுக் காத்திருந்தாள். பக்கம் திறந்தது. தண்ணீர் இறைக்கிற மெஷின் ஒன்றின் விளக்கம். தமிழ், எஃப் எட்டு, மெஷினின் இங்கிலீஷ் பெயர், எஃப் எட்டு, மறுபடி தமிழ். விமானம் வரவில்லை. கடைசி வரியை அடித்து அனுப்பிய பிறகுதான் தோள்பட்டை வலிப்பது தெரிந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஷப்னா ஃபோன் எடுத்தாள். "நல்லா செஞ்சிருக்கீங்க பூரணி. திங்கக்கிழமையில இருந்து வேல அனுப்புறேன். ஆனா அந்த ப்ளேன் திரும்ப வந்தா என்ன செய்வீங்க?"

"எஃப்என்ன அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு எஸ்கேப்ப ஒரு தடவ தட்டுவேன் மிஸ். எஃப் எட்டு பழையபடி எஃப் எட்டாயிரும். இனி தொடைக்கிறதா இருந்தா, லேப்டாப்ப நிப்பாட்டிட்டுத்தான் தொடைப்பேன்."