பின்பக்கக் கதவுக்குப் பூட்டு

எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலேயே பூங்கா. மதிலில் ஒரு சின்னக் கம்பிக்கதவு. அதைத் தாண்டினால் நடைபாதை. என் வீட்டுக்காரர் காலமெல்லாம் பஸ் ஓட்டி, உட்கார்ந்தே சர்க்கரை வியாதியைச் சம்பாதித்தவர். ஆனாலும் அந்தக் கதவு திறந்திருந்தவரை சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ரிட்டையராகிச் சும்மா இருந்தவரைக் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. வெளியாட்கள் எங்கள் வளாகத்துக்குள் புகுந்து குறுக்குவழியாகப் பூங்காவுக்குப் போகிறார்களாம். கூட்டம் போட்டு, தொண்டை கிழியக் கத்தி, கதவுக்குப் பூட்டுப் போட்டார். சாவி அவர் சட்டைப்பையில்.

இப்போது பூங்காவுக்குப் போக முன்வாசல் வழியாக வெளியே வந்து, பெரிய சாலையைக் கடந்து, ஊரைச் சுற்ற வேண்டும். முதல் வாரம் போனார். அப்புறம் மழை, அப்புறம் வெயில், அப்புறம் முட்டிவலி. சாக்குக்கா பஞ்சம்? கடைசியில் சோபாவே கதி என்று ஆகிவிட்டது.

போன வாரம் டாக்டர் அவர் பாதத்தை ஊசியால் தொட்டார். இவருக்குத் தெரியவே இல்லை. "இப்படியே உட்கார்ந்திருந்தா காலைக் காப்பாத்துறது கஷ்டம்ங்க" என்றார் டாக்டர்.

நான் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவள். நேற்று கால் வீங்கி வீடு திரும்பினால், மனிதர் அந்தக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே நடப்பவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவி பையிலதானே இருக்கு? திறந்து தொலைங்களேன்."

"நானே பூட்டிட்டு நானே திறந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"கால் போச்சுன்னா அந்த நாலு பேரா வந்து தூக்கிட்டுப் போவாங்க?"

சட்டைப்பையைத் துழாவினார். பிறகு சாவியை நீட்டினார். "நீ திறந்ததா இருக்கட்டும்."

திறந்தேன். பெரிய வீரர்போல உள்ளே நடந்தார். முதல் பெஞ்சு வரைதான். மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டார். முன்பெல்லாம் ஈடுகொடுக்க முடியாமல், கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று கெஞ்சுவது நான்தான்.

"இந்த பெஞ்சு இவ்வளவு தூரத்திலயா இருந்துச்சு?" என்றார்.

எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. "எழுந்திருங்க. அடுத்த பெஞ்சு வரைக்கும் போவோம்" என்றேன். என் காலும் விண்விண் என்றுதான் தெறித்தது.

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படத் தெம்பில்லை.