ஷூமார்ட் துரையின் அணி

பந்தலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அணியின் கேப்டன் ரஷீதுதான் படித்துச் சொன்னான். "ஷூமார்ட்ஸ்னு போட்டுகீறாங்கக்கா. நம்ம டீமுதான்."

ராயபுரத்தில் எவனைக் கேட்டாலும் அந்த அணிக்குப் பெயர் சும்மாடு. துறைமுகத்தில் கரிக்கூடை சுமக்கிறவர்களின் கால்பந்து அணி. முதல் ஆட்டத்துக்குக் கப்பலிலிருந்து நேரே, கூடைக்கு அணையாகத் தலையில் சுற்றிய சும்மாட்டுத் துணியைக்கூட எடுக்காமல் வந்து நின்றபோது, எதிரணிக் குமாஸ்தாக்கள் சும்மாடு வந்துவிட்டது என்று சிரித்தார்கள். பச்சையம்மாவின் புருஷன் நீலமேகம் கூடை சுமந்து இறுகிய கழுத்தோடு பந்தைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டான். அன்றிலிருந்து அதுவே பெயர். ஜெயித்த கோப்பை எதுவானாலும் சும்மாட்டின் மேல் ஏறிக் கரிமேட்டுக் குடிசைகளை ஒரு சுற்று வந்த பிறகுதான் இறங்கும். யுத்த காலத்தில் கப்பலேறும் பலகை முறிந்து, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கூடையோடு தண்ணீரில் போனான் நீலமேகம். அவனுக்குக் கல் இல்லை, போட்டோ இல்லை. அந்தப் பெயர்தான் மிச்சம்.

இந்த வருஷம் வெள்ளிக் கேடயம் ஜெயித்ததும், அணிக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தவர் சரக்கு ஏஜெண்டு குணசேகரன். ராவ் சாகிப் பட்டத்துக்கு அவர் அலையாய் அலைந்து, அது கைக்கு வருவதற்குள் வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான். தனக்குத்தான் வாய்க்கவில்லை, அணிக்காவது ஒரு துரை இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கின் முன்னால் நின்று கேப்டன் ஷூமார்ட் என்றொருவரைப் பெற்றெடுத்தார். பேசப் பேசத் துரைக்கு மீசை முளைத்தது, குதிரை வந்தது, ஏழைகள் மேல் இரக்கமும் வந்தது.

"கரிக்கூலிகளுக்குப் பந்தைக் கண்ணில் காட்டிய மகான் அவர். அந்தத் திருநாமத்தைப் படிக்காத ஜனங்கள் சும்மாடு என்று கெடுத்துவிட்டார்கள். இனி திருத்தமாக எழுதுவோம்."

முன்வரிசை கைதட்டியது. கேடயம் இனித் தன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் என்றும் சொல்லி முடித்தார்.

பச்சையம்மா ரஷீது பக்கம் திரும்பினாள். "யார்ரா அந்த ஆளு?"

"தெர்லக்கா. நானே இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்." ரஷீது குரலைத் தாழ்த்தினான். "கேட்டா வேல பூடும்."

"எந்தப் பலகைல நடந்தானாம் அவன்? எங்கூட்டுக்காரன் செத்தப்ப தலைல இன்னா இருந்துச்சு, தொப்பியா?"



தேக்குப் பலகையில் வெள்ளி அறைந்த கேடயம். குணசேகரன் ஒரு முறை தூக்கிப் பார்த்தார். கழுத்திலிருந்த மாலைதான் ஆடியது. அவர் கண் பச்சையம்மாவின் கரி படிந்த சேலையில் வந்து நின்றது. "ஏய் பொம்பள, இதத் தலையில தூக்கிட்டுப் போய் என் கார்ல வை."

அவள் மேடையேறினாள். கேடயத்தைத் தொடவில்லை. பந்தல் காலுக்குப் போய்ப் பெயர்த் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். எதிர்க்காலுக்கும் போனாள். துணி விழுந்தது. நிதானமாக மடித்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்து அமுக்கினாள். எழுத்தின் சாயம் இன்னும் காயவில்லை, விரலெல்லாம் நீலம்.

அவ்வளவு பாரத்தைத் தலையில் ஏற்ற இன்னொரு கை வேண்டும். அவள் கீழே பார்த்தாள்.

"ரஷீது. வா, தூக்கி வை."

ரஷீது குணசேகரனைப் பார்த்தான். அவள் தலையைப் பார்த்தான். பிறகு ஏறி வந்து தூக்கி வைத்தான்.

கார் இடப்பக்கம் கதவு திறந்து நின்றது. அவள் வலப்பக்கம், கரிமேட்டைப் பார்த்து நடந்தாள். வேர்வையில் கரைந்து நெற்றி வழியே இறங்கிக்கொண்டிருந்தது துரையின் பெயர். பின்னால் அணியில் ஒவ்வொருவனாகத் தோள் துண்டை எடுத்து முறுக்கத் தொடங்கினான்.