பச்சைன்னா பச்சை

பெயிண்ட் கடையில் அவளை எல்லோரும் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரிலிருந்து நகத்தளவு பெயிண்ட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து நீட்டினால் போதும். வெள்ளையில் மூன்று சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு என்று விட்டுக் கலக்கி, அட்டையில் தடவி, தலை உலர்த்துகிற மெஷினால் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதே நிறத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் தலைக்கனம் அவளுக்கு உண்டு. அவள் செய்த தப்புக்கெல்லாம் அதுதான் மூலம் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஏழு வயசு மகன் சுண்டு. சுண்டு விரல் மாதிரி இருந்ததால் வந்த பெயர். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அதே மாதிரி முணுமுணுப்பான். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் அப்பாவோடு ஒரு நாள் வேலைக்குப் போனவன், "மூணாவது பில்டிங் லிஃப்ட் மணிச் சத்தம் மத்ததைவிடக் கொஞ்சம் கீழ இருக்குப்பா" என்றான். அப்பா போய்க் கேட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. "இவனுக்கு பியானோ சொல்லிக் குடுக்கணும்டி" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

டீச்சர் தேடினார்கள். முதலில் போனது ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடி. ஒரே அறை, ஒரே பழைய பியானோ, ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை. அங்கே இருந்த டீச்சர் சின்னப் பெண். சுண்டுவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒரு கட்டையை அழுத்தினாள். "இப்ப வந்து அது எதுன்னு கண்டுபிடி" என்றாள். ஏழு முறை அழுத்தினாள், ஏழையும் கண்டுபிடித்தான். கலரக்கா அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கண் சுவரில் இருந்தது. ஈரம் இறங்கிய இடத்தில் பூசிய க்ரீம் வேறு, பழைய க்ரீம் வேறு.

"சுவத்தையே ஒழுங்கா பாக்காதவ பிள்ளையை என்னத்தப் பாப்பா?" என்றாள், படி இறங்கும்போதே. "காசு குடுத்துக் கண்ணாமூச்சி ஆடவா அனுப்புறோம்?"

இரண்டாவது, கண்ணாடிக் கதவு போட்ட இசைப் பள்ளி. ஆறு கீபோர்டு. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு நிற ஸ்டிக்கர், புத்தகத்தில் அதே நிறத்தில் வட்டங்கள். பச்சை வட்டம் வந்தால் பச்சைக் கட்டை. அவ்வளவுதான் பாடம். கலரக்கா குனிந்து ஆறு கீபோர்டையும் பார்த்தாள். ஆறிலும் பச்சை ஒரே பச்சை. அந்த இடத்திலேயே பெயர் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வாங்கின கீபோர்டில் கடை ஸ்டிக்கர் கொஞ்சம் வெளிறி இருந்ததென்று, அவளே பெயிண்ட் கலந்து பொட்டு வைத்தாள். பள்ளியில் இருக்கிற நிறம் அச்சு அசலாக வந்திருந்தது. அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

வீட்டில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுண்டு நன்றாகவே வாசித்தான். பள்ளியிலோ கீபோர்டின் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் முதலில் வாசிக்கச் சொல்வார்கள். கண் பார்த்து விரல் போகவேண்டும், சத்தம் பிறகு, என்பது அங்கே பாடம் எடுத்த மேடத்தின் முறை. அங்கே அவனுக்கு ஒரு வரிகூடத் தேறவில்லை. மூன்றாவது வாரம் மேடம் நோட்டில் எழுதி அனுப்பினாள்: 'காதால் ஊகித்து ஏமாற்றுகிறான். பார்ப்பதில்லை. வீட்டிலும் சத்தத்தை அணைத்துப் பயிற்சி கொடுக்கவும்.'

அணைத்தாள். வேறு யாருமில்லை, பெற்ற தாய்தான். சத்தமில்லாத கட்டைகள் டொக் டொக்கென்று விழ, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பச்சை வட்டத்துக்கு அவன் விரல் பழுப்புக்குப் போனது. பழுப்பு வட்டத்துக்குப் பச்சைக்குப் போனது.

"பச்சைன்னா பச்சைடா. கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?"

"பாத்துத்தாம்மா வாசிக்கிறேன்."

"பொய் வேற. ஆயிரம் பச்சையைப் பிரிச்சுச் சொல்றவ நான். என் வயித்துல பொறந்துட்டு ஒரு பச்சை தெரியலையா உனக்கு?"

இரண்டு மாசம் இப்படியே போனது. ஒரு நாள் கையிலேயே ஒன்று வைத்தாள். அவன் அழவில்லை. சத்தம் குறைக்கிற பட்டனைத் தானே அழுத்திச் சத்தத்தை அணைத்துவிட்டு உட்காரப் பழகிக்கொண்டான். முணுமுணுப்பும் நின்றுபோனது. வீடு அமைதியாக இருக்கிறதென்று அவள் நினைத்தாள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் அவனைக் கடைக்குக் கூட்டிப் போனாள். "அந்தப் பச்சை மூடி டப்பாவை எடு" என்றாள். பழுப்பு மூடியை எடுத்து வந்தான். திட்ட வாயெடுத்தவள், அவன் டப்பாவைப் பார்க்காமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். சரியா தப்பா என்று அவள் முகத்தில்தான் தேடிக்கொண்டிருந்தான்.

திட்டவில்லை. இரண்டு பச்சை அட்டையும் இரண்டு பழுப்பு அட்டையும் எடுத்து மேஜையில் போட்டாள். "ஒரே மாதிரி இருக்கறதை ஒண்ணா வை."

நான்கையும் ஒரே அடுக்காக வைத்தான். "எல்லாம் ஒண்ணுதாம்மா. நீங்க எல்லாரும்தான் வேற வேற பேரு வெச்சிருக்கீங்க."

கண் டாக்டர் புள்ளி போட்ட புத்தகத்தைக் காட்டிப் பார்த்துவிட்டு, பெரிய விஷயமில்லை, சிவப்பும் பச்சையும் பழுப்பும் குழம்பும், பையன்களுக்கு அம்மா வழியாக வருவதுதான் என்றார். "உங்க அப்பாவுக்கு இருந்திருக்கும்."

இருந்தது. ஒரு காலில் பச்சை சாக்ஸ், மறு காலில் பழுப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆபீஸ் போவார். குடும்பமே வயிறு வலிக்கச் சிரிக்கும். அவளும் சிரித்தவள்தான். உலகத்துக்கெல்லாம் நிறம் பார்த்துச் சொன்னவள், அந்தச் சாக்ஸைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

டாக்டரிடமிருந்து நேராக இசைப் பள்ளிக்குப் போனாள். டாக்டர் சொன்னதையெல்லாம் மேடத்திடம் கொட்டினாள். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அச்சோ, பாவம். அப்போ அவனுக்கு வேற ஏதாவது பாருங்களேன். செஸ் மாதிரி" என்றாள்.

"செஸ் எதுக்குங்க? சத்தத்தைப் போட்டுவிடுங்க, அவன் வாசிப்பான்."

"ஒரு பையனுக்காக முறையை மாத்த முடியாதுங்க. நாளைக்கு எல்லாப் பசங்களும் காதாலயே வாசிக்க ஆரம்பிச்சிடுவாங்க."

கலரக்கா பையைத் திறந்தாள். "பாட்டுதானேங்க சொல்லித் தர்றீங்க? காதால வாசிச்சா அதுக்குப் பேரு ஏமாத்தறதுன்னு எழுதியிருக்கீங்க. உங்க கைப்பட எழுதியிருக்கீங்க." நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆறு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தப் பசங்க ஒண்ணொண்ணும் என்ன வாசிக்குதுன்னு அதுகளுக்கே கேக்காது. சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கத்தான் நிறம் பாக்கணும். அதை நான் சொல்லித் தர்றேன், என் கடைக்கு அனுப்புங்க."

இன்னும் நிறைய சொல்ல இருந்தது. ஆனால் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மேடத்தைத் திட்டினால் பாதிக் கணக்குத்தான் தீரும், மீதிப் பாதி யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த வாரம் கடையிலிருந்து பெயிண்ட் சுரண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கீபோர்டில் தான் வைத்த பொட்டுகளைச் சுரண்டியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். கணவர் உதவிக்கு வந்தார். "நான் வெச்சது, நானே எடுக்கிறேன், நகருங்க" என்றாள்.

சனிக்கிழமை சுண்டுவைக் கூட்டிக்கொண்டு சலவைக் கடை மாடி ஏறினாள். சுவரில் இரண்டு க்ரீமும் அப்படியே இருந்தன. சின்ன டீச்சர் அவர்களை மறக்கவில்லை.

"இவனா? ஏழுக்கு ஏழு கண்டுபிடிச்ச பையனாச்சே. ஏன் அப்புறம் வரவே இல்ல?"

கலரக்கா மகனை முன்னால் தள்ளினாள். சுண்டுவை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். எதிரே வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் மட்டும். பொட்டு இல்லை, வட்டம் இல்லை.

"உனக்குப் பிடிச்சதை வாசி" என்றாள் டீச்சர்.

அவன் கையைக் கட்டைமேல் வைக்கவில்லை. பியானோவின் இடது பக்கம் தடவினான். பிறகு வலது பக்கம். குனிந்து பலகைக்கு அடியிலும் தடவிப் பார்த்தான்.

"என்னப்பா தேடற?"

"சத்தம் குறைக்கிற பட்டன் எங்க மிஸ்? அதைக் குறைச்சிட்டுத்தான் வாசிக்கணும்."

டீச்சர் சிரித்தாள். "இதுல அப்படி ஒண்ணும் கிடையாதே. யாரு சொன்னா உனக்கு?"

சுண்டு கையைப் பியானோவிலிருந்து எடுத்துக்கொண்டான். காட்டிக்கொடுக்கக் கூடாதென்று நினைத்தானோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான். வாசல் ஓரம் நின்ற கலரக்கா ஸ்டூல் பக்கம் வந்தாள்.

"நான்தான் மிஸ்," என்றாள். "நான்தான் அணைச்சு வெச்சேன்."